இளைஞர் நாவல்களிற் கேட்டுலகு: ஆலையடிவேம்பிலிருந்து ஒரு நோக்கு

அண்மைக் காலத்தில் இளைஞரை முதன்மையாகக் கருதி ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற நாவல்களுள் இரு வகையின பெருவழக்குப் பெற்றுள்ளன. ஒன்று, மாயமும் மந்திரமும் இயல்பாய் நிகழும் உலகொன்றைப் படைப்பது. மற்றையது, வருங்காலத்துக் கொடுங்கோன்மைச் சமுதாயமொன்றைச் சித்திரிப்பது. தோமஸ் மோர் 1516இல் எழுதிய நூலின் பெயரால், குறைவற்ற இலட்சிய உலகினை யூட்டோப்பியா என்பர். அதன் மறுதலையே டிஸ்டோப்பியா. அதனை இக்கட்டுரையிற் கேட்டுலகு எனக் குறிப்போம்.

இந்நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும், இளைஞர் உள்ளத்திற் கிளர்ச்சியை விதைப்பன என்று அஞ்சுவாரும் உளர். இவ்விரு கருத்துகளும் நூல்களுக்கு வெளியே நின்று கூறப்படுவன. நூல்களுக்குள்ளிருந்தே எழும் வினாக்கள் இரண்டு உள. கேட்டுக்குக் காரணம் தனியொரு தீயவனா, அன்றிப் பலரும் பங்குகொள்ளும் ஓர் அமைப்பா? விடுதலை ஒருவனது பிறப்பினால் வருகின்றதா, அன்றி அவன் செய்யும் தீர்ப்பினால் வருகின்றதா? இவற்றைக் கொண்டே இந்நாவல்களின் தரத்தை அளத்தல் தகும் என்பது எமது துணிபு.

இவ்வினாக்கள் அம்பாறைக் கரையோர வாசகனுக்குப் புதியனவல்ல. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் இக்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறையும் இரு சாராருக்கும் பொதுவானது. ஆயினும் 1985 முதலாக இவ்வூர்களுக்கிடையே குருதி சிந்தப்பட்டது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, முகமூடியிட்ட தலையாட்டியின் முன் வரிசையாக நிறுத்தப்படுதல், நிவாரண அட்டைக்குக் காத்திருத்தல் ஆகியன ஒரு தலைமுறையின் அன்றாட அனுபவங்களாயின. பிறர் கற்பனையாகப் படிப்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இங்குள்ள வாசகனுக்கு உண்டு.

சுசான் கொலின்ஸ் 2008 முதல் 2010 வரை வெளியிட்ட 'பசி விளையாட்டு' நாவல்கள் மூன்றினையும் முதலில் நோக்குவோம். பனெம் என்னும் நாட்டில் தலைநகருக்குப் பன்னிரண்டு மாவட்டங்கள் அடிமைப்பட்டுள்ளன. மாவட்டந்தோறும் 12 முதல் 18 வயது வரையுள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தெரியப்பெற்று, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லுமாறு களத்தில் விடப்படுகின்றனர். இந்நாவலின் உயிர்நிலை போர்க்களக் காட்சிகளில் இல்லை. தானியச் சீட்டு முறையிலேயே உள்ளது. வறிய பிள்ளை தன் பெயரை மேலும் ஒரு முறை குலுக்கலில் இட இசைந்தால், ஒருவருக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் பெறலாம். குடும்பத்தின் பசியாற்றக் கேல் என்னும் இளைஞன் தன் பெயரை 42 முறை இட்டுள்ளான். சீட்டுக்குத் தப்பும் வசதியுள்ளோரை வறியோர் வெறுக்கின்றனர். ஒரு மாவட்டத்தார் மற்றைய மாவட்டத்துப் பிள்ளையைப் பகையாகக் காண்கின்றனர். தலைநகர் வேண்டுவதும் அதுவே. அடுத்த ஊர்ப் பிள்ளையை அஞ்சக் கற்றுக்கொடுத்தல் அதிகாரத்தின் மலிவான ஆயுதம் என்பதை அயலூர்கள் பிரிந்து நின்ற காலத்தைக் கண்ட நாம் எளிதில் உணர்வோம்.

மூன்றாவது நாவலின் முடிவும் கருதத்தக்கது. கிளர்ச்சித் தலைவியான கொயின், வென்றபின் தலைநகர்ப் பிள்ளைகளைக் கொண்டு அதே விளையாட்டை நடத்த முற்படுகின்றாள். கதைத்தலைவி கட்னிஸ் பழைய கொடுங்கோலனைக் கொல்ல ஏந்திய வில்லைத் திருப்பிக் கொயினையே வீழ்த்துகின்றாள். ஆட்சியாளர் மாறியும் அமைப்பு மாறாதிருத்தலை இளைஞருக்கு இத்துணை வெளிப்படையாகக் கூறிய நாவல்கள் சிலவே. தாய்லாந்தில் 2014 மே மாத இராணுவப் புரட்சியின் பின்னர், இக்கதையில் வரும் மூவிரல் வணக்கத்தையே எதிர்ப்பாளர் தம் அடையாளமாகக் கொண்டனர். அதனைக் காட்டியமைக்காகவே சிலர் தடுத்து வைக்கப்பட்டனர்.

வெரோனிகா ரொத் 2011இல் வெளியிட்ட 'டைவர்ஜென்ட்' வேறு வகையினது. மக்கள் குணத்தால் ஐந்து பிரிவினராக வகுக்கப்பட்ட நகரொன்றில், எப்பிரிவுக்குள்ளும் அடங்காதவளாகக் கதைத்தலைவி தோன்றுகின்றாள். தொடக்கம் சிறப்புடையதே. எனினும் 2013இல் வந்த மூன்றாம் நாவலில் அவளது தனித்தன்மைக்கு மரபணுவே காரணமெனக் கூறப்படுகின்றது. அம்மரபணுப் பாகுபாட்டினை நாவல் கண்டிக்கின்றது என்பது உண்மை. ஆயினும், அடங்க மறுத்தவள் என நாம் கொண்டாடியவள் அடங்காதவாறே பிறந்தவள் என்றாகும்போது, சாதாரண வாசகன் தனக்கு அதில் இடமில்லை எனக் கருதுதல் கூடும்.

மாய உலக நாவல்களிலும் இச்சிக்கல் உண்டு. 1997 தொடக்கம் 2007 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த ஹரி பொட்டர் நாவல்களில் நாயகன் தீர்க்கதரிசனத்தினாற் குறிக்கப்பட்டவன். எனினும் ஆசிரியர் ரௌலிங் அத்தீர்க்கதரிசனம் நெவில் என்னும் மற்றொரு சிறுவனுக்கும் பொருந்தக்கூடியதே என அமைத்திருப்பது நுட்பமானது. மந்திரவாதிகள் அல்லாத பெற்றோருக்குப் பிறந்த மந்திரவாதிகளைப் பதிவு செய்து விசாரிக்கும் ஆணைக்குழுவொன்று இறுதி நாவலில் வருகின்றது. அதில் அச்சந்தருவது மந்திரம் அன்று, பதிவேடும் படிவமுமே.

இவற்றினும் அடக்கமானது லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. நிறமும் வலியும் நினைவும் அகற்றப்பட்ட ஊரொன்றில், சிறுவன் ஜோனஸின் தந்தை குழந்தைகளைப் பராமரிப்பவர், பரிவுடையவர். அவரே இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததனை ஊசியேற்றிக் கொல்கின்றார். அதற்கு அவ்வூரார் இட்டுள்ள பெயர் 'விடுவித்தல்'. அங்கே தீயவன் எவனுமில்லை. நல்லோர் தம் கடமையைச் செய்கின்றனர், கேடு நிகழ்கின்றது. இளைஞர்க்கான கேட்டுலகு நாவல்களுள் இதனையே தலையாயதென நாம் கொள்வோம்.

தமிழில் இத்தகையன இல்லையோ எனின், உண்டு. 1980களில் ஆனந்த விகடனிற் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டினை வருங்காலமாகக் கொண்டது. மனிதரின் பெயர் ஈரெழுத்துக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. மக்கள் போற்றும் ஆட்சித்தலைவன் ஜீவா மெய்யான மனிதனல்லன், ஓர் ஒளியுருவமே என்பது பின்னர் வெளிப்படுகின்றது. 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாகின்றாள். ஆயினும் பிறர் கைப்பாவையாகவே இருக்கின்றாள். கொடுங்கோன்மைக்கு மனித முகம் தேவையில்லை என்பதனை மேற்கூறிய ஆங்கில நாவல்கள் பலவற்றுக்கு முன்னரே தமிழ் வெகுசன இதழொன்று கூறிவிட்டது.

ஈழத்துக் கவிதையிலும் இப்பார்வையைக் காணலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. நூலெரிப்பினையே தொழிலாகக் கொண்ட தீயணைப்போரை ரே பிராட்பரி 1953இற் கற்பனை செய்திருந்தார். இங்கு அது வரலாறாயிற்று. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையில் அந்நிகழ்வைக் கனவாக்கினார். நூலகப் படியிற் புத்தர் சுடப்படுகின்றார். கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லாமையே ஆட்சியாளருக்குச் சங்கடமாகின்றது. ஒரு பட்டியலைக் காட்டியே ஓர் அரசின் இயல்பை விளக்கிய அக்கவிதையை இளைஞர் இந்நாவல்களுடன் சேர்த்துப் படித்தல் நன்று.

எமது பழங்கதைகளும் உதவாதன அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கூறும் ஒவ்வொரு கதையும் ஒரு வினாவில் முடிகின்றது. அரசன் அதற்கு நியாயம் உரைத்தாக வேண்டும். முஸ்லிம் தமிழ் இலக்கியத்து நூறு மசலாவிலும் வினாவுக்கு விடை காண்பதே கதைத்தலைவனுக்குரிய சோதனையாகின்றது. மாயத்தை நுகரும்போதே தீர்ப்புச் சொல்லவும் பழக்கும் மரபு அது. ஆங்கிலத்து இளைஞர் நாவல்களுட் சிறந்தனவும் அதனையே செய்கின்றன; ஏனையன தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவனின் வெற்றியைக் காட்டி வாசகனை அமைதிப்படுத்துகின்றன.

எனவே தமிழில் மொழிபெயர்ப்போர் விற்பனைப் புகழை மட்டும் நோக்காது 'தி கிவர்' போன்றவற்றை முற்படுத்துதல் வேண்டும். பள்ளி நூலகங்கள் அவற்றைச் சுஜாதாவுடனும் நுஃமானுடனும் ஒரே தட்டில் வைத்தல் வேண்டும். அதனினும் பெரிய தேவை ஒன்றுண்டு. 26 டிசம்பர் 2004இற் கடல் கொண்டதும், அதற்கு முன்னர் மனிதர் கொண்டதும் ஆகிய இழப்புகளை அறிந்த இக்கரையிலிருந்து, தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருங்கே படிக்கத்தக்க இளைஞர் நாவல் தோன்றுதல் வேண்டும். அயலூரைப் பகையாகக் காட்டும் பட்டியலை யார் எழுதினார் என்று வினவும் நாவலாக அது அமையுமாயின், இக்கரையின் துன்பம் வீண்போயிற்று எனல் இயலாது.