பந்தலில் தர்ப்பூசணி

சுங்கை ஊடாங் வட்டாரத் தோட்டப்புறங்களில் வீட்டோர நிலம் சிறிது, மழையோ மிகுதி. ஈரமண்ணிற் கிடக்கும் காய் எளிதில் அழுகிவிடும். ஆகவே, சிறுகாய்த் தர்ப்பூசணியை ஆளுயரக் கம்புகளில் வலை கட்டி ஏற்றுவதே நன்றென நாம் கருதுகிறோம்.

பூத்தும் காய்க்கவில்லையே எனப் பலர் வருந்துகின்றனர். முதலில் மலர்வன ஆண் பூக்களே. அடியில் சிறு பிஞ்சுடன் தோன்றுவது பெண் பூ. காலையில் விரியும் அது, பால்வெட்டுக்குச் சென்றவர் வீடு திரும்புமுன் வாடத் தொடங்கிவிடும்! தேனீ வராவிடில், வீட்டிலுள்ள முதியோர் காலையிலேயே ஆண் பூவொன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவினால் போதும்.

பிஞ்சு பிடித்த சில நாட்களிலேயே பழைய நாளிதழைச் சுற்றிப் பழ ஈயைத் தடுத்தல் வேண்டும். தாள் நனைந்து கிழிந்தால் மாற்றுக. காய் பருத்ததும் பழந்துணியால் தொட்டில் கட்டி, அதன் பாரத்தைக் கொடியன்றிக் கம்பே தாங்குமாறு செய்தல் வேண்டும்.