மழை மலையில் பிறநாட்டுக் குடித்தனம்



டிப்ளமோ முடித்ததும் துபாயா, சிங்கப்பூரா, ஜெர்மனியா என்று ஹாஸ்டலில் பேசாத நாள் கிடையாது. சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன இடத்தில் தினசரி வாழ்க்கை எப்படி ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. மழையும் குளிருமாக இருக்கும் ஒரு ஊரில் துணி எப்படிக் காயும், சோறு எப்படி வேகும், பேச்சுத் துணைக்கு யார் இருப்பார்கள்? இதைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நம் தலைக்கு மேலே இருக்கும் கொடைக்கானலுக்குப் போனால் போதும். அங்கே நூற்றெழுபது வருடத்துக்கு மேலாக வெளிநாட்டுக்காரர்கள் நம் மழையில் நனைந்து குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

ஏன் வந்தார்கள்?

1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய லெப்டினன்ட் பழனி மலையை அளக்க வந்தார். அதற்காக அவர்தான் மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று சொல்லிவிடக் கூடாது. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் அதற்கு வெகுகாலம் முன்பே ஊர் இருந்தது, விவசாயம் இருந்தது, கோயில் இருந்தது. காட்டுக்குள் பளியர்கள் இருந்தார்கள்.

1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்து செத்தார்கள். மனைவி, கைக்குழந்தை என்று குடும்பமே போனதும் உண்டு. முதலில் பக்கத்திலிருக்கும் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் மலைக் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் 7,000 அடி உயரக் கொடைக்கானல். 1845-ல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்கள் எழும்பின. சன்னிசைடு என்றால் வெயில் படும் பக்கம் என்று அர்த்தம். பனியும் மழையும் மூடிக் கிடக்கும் மலையில் வீட்டுக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள் என்றால், அவர்கள் மனசு எதற்கு ஏங்கியது என்று புரிகிறதல்லவா?

எப்படி ஏறினார்கள்?

1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்றைக்கு அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடை ரோடு. அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வந்ததும் வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலியில் உட்கார்ந்தவர் துரை. தூக்கியவர் நம் ஆள். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து சுமார் 12 மைல் செங்குத்துப் பாதையில் ஏறுவார்கள். துரைசாணி மட்டுமா, அவர்கள் டிரங்குப் பெட்டி, கட்டில், ஏன், பியானோவும் மனிதத் தோளில்தான் ஏறியாக வேண்டும். இன்று பஸ் போகும் லாஸ் காட் ரோடு 1914-ல்தான் முடிந்தது. ஆக, கிட்டத்தட்ட எழுபது வருடம் கொடைக்கானல் என்ற ஊரே தோள்களின் மேல் ஏறிப் போன ஊர். அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மழையோடு குடித்தனம்

மழை என்றால் நமக்கு உடனே லண்டன் ஞாபகம் வரும். கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். லண்டனில் வருடத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். நம் சென்னையில் சுமார் 1,400 மி.மீ.! வித்தியாசம் என்னவென்றால், சென்னை மழை சில மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். லண்டன் மழை வருடம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும். நார்வேயின் பெர்கன் நகரத்தில் இரண்டும் சேர்ந்தே உண்டு: வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல், வருடம் பூராவும். கொடைக்கானல் நடுவில் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பகுதியை மேற்கே இருக்கும் மலைகள் வாங்கிக்கொள்கின்றன. மிச்சத் தூறல் நமக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று நேராக மலையில் வந்து முட்டுகிறது. அப்போதுதான் பெருமழை.

மலை ஏன் குளிர்கிறது? 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். எனவே வத்தலக்குண்டில் வேர்த்துக் கொட்டும்போது மேலே ஸ்வெட்டர் தேவைப்படும்.

அந்த உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு போதாது. அரிசி, பருப்பு வேக நேரமாகும், விறகும் கூடுதலாகச் செலவாகும். பிரஷர் குக்கர் வராத காலத்தில் துரைவீட்டுச் சமையல்காரர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இந்தத் தத்துவம் தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் கூட ஆகும் என்பது கையளவில் தெரியும்.

அடுத்த தொல்லை ஈரம். சிவில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கல்லிலும் சுண்ணாம்பிலும் உள்ள நுண்துளைகள் வழியாகத் தரை ஈரம் சுவரில் மேலே ஏறும். அதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேலே டி.பி.சி. என்ற ஈரத்தடுப்பு அடுக்கு போடுகிறோம். பழைய வீட்டில் அது சரியாக இல்லையென்றால் சுவர் பூத்துப் போகும், புத்தகம் பூஞ்சை பிடிக்கும், தோல் செருப்பு பச்சை கட்டும். குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்காது. இரவில் அந்த ஈரம் சுவரிலும் அலமாரியிலும் வியர்வையாகப் படியும். அதனால்தான் மலைவீடுகளில் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். சும்மா அழகுக்கு அல்ல! உள்ளே இரண்டு மூன்று டிகிரி சூடு ஏறினாலே ஈரம் படியாது.

ஐரோப்பியர் இதற்குச் செய்த ஏற்பாடு கணப்பு. சூடான புகை லேசானது, புகைபோக்கி வழியே மேலே ஓடும். ஓடும்போது கீழேயிருந்து புதுக் காற்றை இழுக்கும். அறை வெதுவெதுப்பாகும். ஆனால் அந்தக் கணப்புக்கு விறகு யார் கொண்டு வருவது? மறுபடியும் தலைச்சுமையாக நம் ஆட்கள்தான்.

ஊரைக் கூடவே கொண்டு வந்தவர்கள்

வெளியூர் போனவன் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான். இதில் வெள்ளைக்காரரும் நாமும் ஒன்று. 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரி உண்டாக்கினார். 1872-ல் கோக்கர் என்ற அதிகாரி மலைவிளிம்பில் நடைபாதை போட்டார். 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். 1908-ல் வன அதிகாரி பிரையண்ட் பூங்கா அமைத்தார். பேரிக்காய், முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று அவர்கள் வாய்க்குப் பழகியதெல்லாம் மலையில் விளைய ஆரம்பித்தது. இன்று அதை விற்றுப் பிழைப்பது நம் விவசாயிகள். அதில் நன்மை உண்டு.

ஆனால் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கொண்டுவந்த யூகலிப்டஸும் சவுக்கைப்போல் வளரும் வாட்டிலும் வேறு கதை. புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பஞ்சுபோலக் குடித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். அந்தப் புல்வெளியை வாட்டில் பரவி மூடிக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமும் பெரிய அளவில் நட்டது. பழி ஒருவர் மேல் மட்டும் இல்லை. மலையில் ஊறும் தண்ணீர்தான் கீழே பாலாறு பொருந்தலாறு அணைக்கு வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஊரோடு சேர்ந்தவர்கள்

எல்லாரும் கணப்புக்கு முன்னால் கதவடைத்து உட்கார்ந்திருக்கவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதன் பலன்தான் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம். 1907-ல் வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதை 1909-ல் கண்டறிந்தார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். செண்பகனூரில் 1895-ல் கல்லூரி கட்டிய ஏசு சபைக் குருக்களில் ஆங்கிலேடு என்பவர், மலைமேல் கிடக்கும் பழங்காலக் கல்திட்டைகளை அளந்து எழுதினார். நாம் ஆடு மேய்க்கும்போது நிழலுக்கு ஒதுங்கிய கற்கள் அவை!

இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்த வெள்ளைக்காரப் பெண்மணி லீலாவதி, இந்து மதத்தைத் தழுவியவர். 1936-ல் குறிஞ்சியாண்டவர் கோயிலை எழுப்பியவர் அவரே. அங்கே நின்றால் வானம் தெளிந்த நாளில் பழனி தெரியும்.

அதே மழை, வேறு கூரை

இதே காலத்தில் நம் சமவெளியிலிருந்தும் ஜனங்கள் மழைமலைக்கு ஏறினார்கள். ஆனால் போனது இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அதே குளிர், அதே சாரல். துரைக்குக் கணப்பு வைத்த பங்களா. நம்மவருக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே பிள்ளைகள். இருவரும் கடல் தாண்டிப் போனவர்கள்தான். ஒருவருக்குப் பெயர் துரை, இன்னொருவருக்குப் பெயர் கூலி.

1948-ல் இலங்கைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கே வந்து, வாட்டில் மரம் வெட்டும் வேலையில் சேர்ந்தார்கள். கணப்புக்காக வந்த மரம், தோட்டத்திலிருந்து திரும்பியவர் கையில் கோடாலி. இதைவிடச் சுருக்கமாக இந்த மலையின் சரித்திரத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாம் போகும்போது

எங்கள் வீட்டில் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு நாம் போனால் டோலியில் போக மாட்டோம். ஒப்பந்தப் பேப்பரோடு போவோம். ஆகவே மூன்று விஷயம்:

ஒன்று, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். தங்கும் அறை, லீவு, திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட் யார் கையில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போனவர்கள் கதையை மேலே பார்த்தோம். நமக்குப் படிக்கத் தெரியும்.

இரண்டு, அந்த ஊர்ப் பாஷையையும் சீதோஷ்ணத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். எவர்ஷெட் மேகத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சூரியனைப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று, நம் அறையைக் கூட்டுகிறவர், சோறு வடிக்கிறவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போனால் அந்த வேலையே நமக்கும் வாய்க்கலாம். நம் பெயரையும் ஒருவர் கேட்டால் மனசுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

அடுத்த தடவை கொடைக்கானல் பஸ்ஸில் ஏறும்போது, ஜன்னல் வழியே அருவியைப் பார்ப்பதோடு, அந்தச் சரிவில் டோலி தூக்கி ஏறியவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

— இறுதியாண்டு சிவில் மாணவன்