மாத்திரைப் பெட்டி – 9: ஆஸ்பத்திரி வீட்டுக்கு வந்தால்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கிற ஸ்டேஷனுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர். இன்று அங்கே இறங்குகிற கூட்டத்தில் பெரும்பகுதி மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டம். ஆனால் அந்தப் பெயரின் கதை தொடங்குவது 1928-ல். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்காக சானடோரியம் நடத்திவிட்டு வந்த டாக்டர் சௌரிமுத்து, இங்கேயும் ஒன்றைத் தொடங்கினார். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்து வந்த பிறகு வேறு பிரச்சினை வந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். அப்படியானால் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிறது. ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியம் ஒன்றில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே மருந்தை வீட்டில் சாப்பிடக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு என்று இருந்தும், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தையே திருப்பிப் போட்டது.

பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். மருந்தோடு கண்காணிப்பையும் வீட்டுக்கு அனுப்பியதால்தான் அந்த ஆய்வு ஜெயித்தது என்பது என் கட்சி. அதே பாடம் மறுபடியும் வந்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் இரண்டு தடவை படித்திருக்கிறது.

இப்போது மூன்றாவது தடவை. சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்த பிறகு, நோய் திரும்பாமல் இருக்க ஓலாபரிப், நிராபரிப் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது உள்ள பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை ஓலாபரிப் கொடுத்துப் பார்த்த ‘சோலோ-1’ ஆய்வில், ஏழு ஆண்டு கழித்து 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். சின்ன வித்தியாசம் இல்லை இது.

ஆனால் கீமோ ஏற்றும் நாளில் எத்தனை பேர் நம்மைச் சுற்றி நிற்கிறார்கள்! நர்ஸ் பெயரைக் கேட்பார், ரத்த அறிக்கையைப் பார்ப்பார், பாட்டிலை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பார். அதே வீரியமுள்ள மருந்து மாத்திரையாக மாறி சேலையூருக்கோ மாடம்பாக்கத்துக்கோ போனதும் யாரும் இல்லை. டப்பா சமையலறை அலமாரியில், சர்க்கரை மாத்திரைக்கும் தைலத்துக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற அம்மா, தன் மாத்திரையையும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார். காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டிய ஓலாபரிப், காலை பதினொன்று, இரவு எட்டு என்று ஆகிவிடும்.

அதிகம் குழப்புவது அளவு. ஓலாபரிப் 150 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று இரண்டு வகையில் வருகிறது. வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 300. அதாவது 150-ல் இரண்டு. ரத்தம் குறைந்தால் டாக்டர் 250 ஆக்குவார்: ஒரு 150, ஒரு 100. இன்னும் குறைத்தால் 100-ல் இரண்டு. இப்போது வீட்டில் பழைய டப்பாவும் புதிய டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். ‘காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு’ என்று மட்டும் மனப்பாடம் செய்திருப்பவர் எதிலிருந்து இரண்டு எடுப்பார்? அளவு மாறிய அன்றே பழைய டப்பாவைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்டு முடிவு செய்யுங்கள். குப்பையிலும் கழிவறையிலும் போட வேண்டாம். விலையை நினைத்து ‘பாதி பாதியாப் போட்டா நாலு நாள் கூட வரும்’ என்று உடைப்பதும் கூடாது. உடைக்காமல், பொடிக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டிய மாத்திரை அது. பணம்தான் தடை என்றால் அதை டாக்டரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டாலோ, போட்டவுடன் வாந்தி வந்தாலோ, அடுத்த வேளை வரும்போது வழக்கமான அளவு மட்டும். ஈடுகட்டுகிறேன் என்று இரட்டிப்பாகப் போடக் கூடாது. நிராபரிப் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். குமட்டல் அதிகம் என்றால் படுக்கப் போகும்போது போட்டால் கொஞ்சம் தாங்கும். அதில் முதல் மாதம் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனையும், முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறையாவது பி.பி.யும் பார்க்க வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. ரத்தத்தில் தட்டணு இறங்குவது வெளியே தெரியாது.

இனி தெருமுனை கிளினிக் பற்றி. மழைக்காலத்தில் தொண்டை கட்டினால் கிளாரித்ரோமைசின், வயிற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், படைக்கு ஃப்ளூகோனசோல் என்று எழுதுவது சாதாரணம். ஓலாபரிப்பைக் கழிக்கிற கல்லீரல் நொதியை இவை தடுக்கும். உடம்பில் மருந்து மேலும் மேலும் சேரும். பம்பளிமாஸ் வகைப் பழச்சாறுகளுக்கும் அந்தக் குணம் உண்டு. நார்த்தங்காய் ஊறுகாய் பிடிக்கும் என்றால் அதையும் கேட்டுவிடுங்கள். இதற்கு நேர் எதிர், காசநோய்க்கான ரிஃபாம்பிசின். அதைச் சேர்த்து எடுத்தால் உடம்பில் ஓலாபரிப்பின் அளவு 87 சதவீதம் குறைந்துவிடுகிறது. மாத்திரை தவறாமல் போட்டும் போடாத கதை. வலிப்புக்கான ஃபெனிடாயினும் அப்படித்தான். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம், ‘நான் கேன்சர் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்பதாக இருக்கட்டும். கஷாயம், லேகியம் எதுவானாலும் கேன்சர் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.

மருந்துக்கடை கத்தரிக்கோலும் ஒரு வில்லன். ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடும். கேன்சர் மாத்திரையை முழு டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். அதிலேயே வையுங்கள், மற்ற மாத்திரைகளோடு கலக்க வேண்டாம். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொண்டோ, டப்பா மூடியில் தட்டியோ கொடுத்து, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவட்டும். கர்ப்பிணி மருமகள் தொடவே வேண்டாம். வாந்தி பட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததையும், 2023-ல் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நீங்கள். ஐப்பசி பிறந்ததும் ஒரு வார மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டு, ரத்த அறிக்கை நகல்களோடு தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். இந்த மாத்திரைகளுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. மின்வெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

100.4 டிகிரி காய்ச்சல், புதிதாக மூச்சுத் திணறல் அல்லது விடாத வறட்டு இருமல், காரணமில்லாமல் ரத்தக்கசிவு, படியேற முடியாத அசதி – இதில் எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். எந்த எண், இரவு பத்து மணிக்கு யார் எடுப்பார்கள் என்பதை முதல் டப்பாவை வாங்கும் நாளிலேயே கேட்டு, கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் ஒருவர், மகனோ மகளோ கணவரோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எண்ணுங்கள்.

(தொடரும்)