இல்லத்தின் புதிய வாசல்

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான ‘அந்நூர்’ வீட்டு வாசலின் ஒழுக்கத்தை விரிவாகப் பேசுகிறது. பிறர் இல்லத்தில் நுழையுமுன் ஸலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும் என்பது அதன் 27ஆம் வசனம் தரும் கட்டளை. 58ஆம் வசனமோ வீட்டினுள்ளேயே ஓர் ஒழுங்கை நிறுவுகிறது. ஃபஜ்ருக்கு முன்பு, நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின்பு ஆகிய மூன்று வேளைகளில் பருவமெய்தாத சிறார்களும் அனுமதி கேட்டே பெரியவர்களிடம் வர வேண்டும். அரபியில் இதனை ‘இஸ்திஃதான்’ என்பர்.

தொழுகையும் நோன்பும் இன்னும் கடமையாகாத பிள்ளைக்கு இவ்வொழுங்கு ஏன்? அனுமதி கோருதல் பார்வையைக் காக்கும் பொருட்டே ஏற்படுத்தப்பட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பிள்ளையின் கண் எதில் படலாம், எதில் படலாகாது என்பதை இளமையிலேயே வரையறுத்துப் பழக்குவது பெற்றோரின் பொறுப்பு என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

இன்று நம் வீடுகளில் மற்றொரு வாசல் திறந்திருக்கிறது. இரவானதும் தெருக்கதவைத் தாழிடுகிறோம். அறியாதவர் கதவைத் தட்டினால், யார் என்று கேட்ட பின்பே திறக்கிறோம். ஆனால் போர்வைக்குள் எட்டு வயதுப் பிள்ளையின் கையிலிருக்கும் கைப்பேசிக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவ்வாசல் வழியே பிள்ளையின் பார்வை வெளியே செல்கிறது. அந்நியரும் உள்ளே வருகின்றனர். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வது நலம்.

பார்வை செல்லும் வழி

காணொளித் தளங்களில் ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. அதைத் தெரிவு செய்வது பிள்ளையும் அன்று, பெற்றோரும் அன்று. பார்ப்பவரை இருக்கையில் நிறுத்தி வைப்பதற்காக அமைந்த கணினி நிரல். 2017ஆம் ஆண்டில் யூடியூபில் ஒரு தீங்கு வெளிச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் விரும்பும் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் வடிவில் வன்முறையும் ஆபாசமும் கலந்த காட்சிகள் ஏராளமாக உலவின. சிறுவர்களுக்கென 2015இல் தொடங்கப்பட்ட யூடியூப் கிட்ஸ் செயலியிலும் அவற்றுட் சில புகுந்திருந்தன. முகப்புப் படத்தைக் கண்டு ‘பொம்மைப்படம்தானே’ என்று இருந்துவிட்ட பெற்றோர் பலர் அதிர்ந்தனர்.

ஆகவே வடிகட்டிகளை முற்றிலும் நம்புதல் தகாது. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதும் தகாது. பெற்றோர் ஒப்புதல் அளித்த காணொளிகள் மட்டுமே தோன்றுமாறு அச்செயலியில் அமைக்க முடியும். தானியங்கி ஓட்டத்தையும் தேடல் வசதியையும் நிறுத்தி வைக்கலாம். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

பிறந்த ஆண்டைப் பொய்யாகப் பதிந்து பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கித் தருவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. பல தளங்கள் 13 வயது என்னும் எல்லையை வைத்திருப்பதற்கு, 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டமே மூல காரணம். ஒன்பது வயதுப் பிள்ளையை இருபது வயதினன் என்று பதிந்தால், அத்தளம் அவனைப் பெரியவனாகவே நடத்தும். சிறுவர்க்கான பாதுகாப்புகள் அவனுக்குக் கிட்டா. பொய்யின் முதல் பாடத்தைப் பெற்றோரே கற்பித்த பாவமும் உடன் சேரும்.

அந்நியர் வரும் வழி

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் கலக்கத்தோடு வந்தார். அவருடைய பத்து வயது மகன், கைப்பேசி விளையாட்டு ஒன்றில் ‘அண்ணன்’ ஒருவனோடு மாதக்கணக்கில் உரையாடி வந்திருக்கிறான். அந்த அண்ணன் முதலில் விளையாட்டு நுணுக்கம் சொல்லித் தந்தான். பிறகு விளையாட்டில் செலவழிக்கும் வைரங்களைப் பரிசளித்தான். அதன்பின் தனியே பேசலாம் என்று வேறொரு செயலிக்கு அழைத்தான். வீட்டில் சொல்லாதே என்றான். இறுதியில் சட்டையின்றிப் படம் அனுப்பச் சொன்னான். மறுத்தபோது மிரட்டினான்.

“ஹஜ்ரத், அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தளவுக்கு வந்திருக்காது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா அடிப்பீங்க, போனையும் பிடுங்கிடுவீங்கன்னு பயந்தேன் அத்தா’ என்கிறான்” என்று கூறி அவர் கண் கலங்கினார்.

இதுவே இத்தகையோரின் வழக்கமான பாதை: நட்பு, பரிசு, தனிமை, இரகசியம், படம், மிரட்டல். இப்படிகளுள் நான்காவதையே பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டும். ‘பெற்றோரிடம் சொல்லாதே’ என்று எவர் சொன்னாலும், அந்தச் சொல்லே அபாயத்தின் அடையாளம். உடனே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் தண்டனை இல்லை என்னும் உறுதியையும் பெற்றோர் முன்கூட்டியே தந்திருக்க வேண்டும்.

சிறுவராயிருந்த யூசுஃப் (அலை) அவர்கள் தாம் கண்ட வியத்தகு கனவை எவரிடம் கொண்டு சென்றார்கள்? தந்தையிடமே. யஃகூப் (அலை) அவர்கள் கடியவில்லை, நகைக்கவில்லை, செவிமடுத்து, அதை எவரிடம் சொல்லலாகாது என்பதையும் அதற்கான காரணத்தையும் அறிவுறுத்தினார்கள். தந்தை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்கு ‘யூசுஃப்’ அத்தியாயத்தின் தொடக்கமே பாடம்.

கண்காணிப்பும் துருவுதலும்

பிள்ளையின் கைப்பேசியைப் பார்ப்பது, 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுத்துள்ள துருவி ஆராய்தல் ஆகாதா என்று சிலர் வினவுகின்றனர். சிறு பிள்ளை பெற்றோரின் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வலியுறுத்துகிறார்கள்; தீய தோழமையிலிருந்து காப்பதை அவர்கள் பிள்ளை வளர்ப்பின் அடிப்படையாகவே வைக்கிறார்கள். எனவே மேற்பார்வை கடமையே. ஆனால் அது வெளிப்படையாக இருக்கட்டும். ‘நான் பார்ப்பேன்’ என்று சொல்லிவிட்டுப் பார்ப்பது பாதுகாவல். உறங்கியபின் திருடிப் பார்ப்பது நம்பிக்கையைக் குலைக்கும். பிள்ளை பருவமெய்தியதும் விதி மாறுவதை அந்நூரின் 59ஆம் வசனம் உணர்த்துகிறது. அதுபோல மேற்பார்வையின் அளவும் வயதோடு மாற வேண்டும்.

அவ்வத்தியாயம் கூறும் மூன்று வேளைகளையும் கைப்பேசியற்ற வேளைகளாக வீடு முழுமைக்கும் ஆக்கலாமே! இது மார்க்கத் தீர்ப்பன்று. அவ்வொழுங்கிலிருந்து நாம் பெறும் யோசனை மட்டுமே. இரவில் எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும், அத்தாவுடையதும் அம்மாவுடையதும் உட்பட.

தீங்கு நேர்ந்துவிட்டால்

நம் மக்கள் மானத்துக்கு அஞ்சி மறைக்கின்றனர். அந்த அச்சத்தையே குற்றவாளி ஆயுதமாக்குகிறான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மின்னணு வழியில் பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் தொடர்ந்து தொடர்புகொள்வதையும் குற்றமாக்குகிறது. குழந்தையின் பெயரையோ குடும்பத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதை அச்சட்டம் தடுக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, சீருடை அணியாத காவலர் பெறவும் வழிசெய்கிறது. உரையாடலை அழித்துவிடாமல் சான்றாகப் பாதுகாத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம். காவல் நிலையத்தையும் அணுகலாம். மிரட்டுபவனுக்குப் பணமோ மற்றொரு படமோ ஒருபோதும் தரலாகாது.

நம் மாணவர் அவ்வாறே செய்தார். புகார் பதிவாயிற்று. அதனினும் பெரிதாக நாம் கருதுவது ஒன்றுண்டு. புறப்படுமுன் அவர் மகனை அருகழைத்து, “நீ சொன்னது நல்லது” என்று தலையைத் தடவினார். எந்தச் செயலியாலும் அமைக்க முடியாத தாழ்ப்பாள் அதுவே.

நம் மழலையரின் பார்வையையும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக!