மத்தி மீன் யாருக்கு மருந்து?

மூட்டு வலி என்று வாய் திறந்தால் போதும், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், மஞ்சள் பால் என்று யோசனைகள் வந்து குவியும். எந்த மூட்டு வலி என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஒருவருக்கு நன்மை செய்யும் மீன், இன்னொருவரை நடுராத்திரியில் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு துடிக்க வைக்கும்.

எந்த வலி உங்களுடையது?

ஐம்பதைத் தாண்டியவர்களின் முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். மாடிப்படி ஏறும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

முடக்குவாதம் வேறு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒன்றுபோல வீங்கும். ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது, சீப்பைப் பிடிக்க வராது; காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். பெண்களுக்கே அதிகம் வருகிறது.

மூன்றாவது கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுக்குள் படிகங்களாகத் தங்கிவிடும். பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து, போர்வை உரசினால்கூடத் தாங்க முடியாதபடி வலிக்கும்.

மீனும் பருப்பும்

மத்தி, அயிலை போன்ற விலை மலிவான கடல்மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதை அது மட்டுப்படுத்தும். முடக்குவாதக்காரர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காலை விறைப்பு குறைந்தது. வலி மாத்திரையின் தேவையும் ஓரளவு குறைந்தது. ஆனால் அவற்றில் கொடுத்தது நாளுக்கு 3 கிராம் அளவிலான ஒமேகா-3, அதுவும் மாதக்கணக்கில். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தால் அந்தக் கணக்கு எட்டாது. இருந்தாலும் சாப்பிடலாம்: முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல், இந்த மீன் இதயத்துக்கும் நல்லது.

கவுட் உள்ளவருக்கு இதே மத்தி ஆகாது. அதிலுள்ள பியூரின்தான் உடைந்து யூரிக் அமிலமாக மாறுகிறது. ஆட்டு ஈரல், பீர், சர்க்கரை கலந்த குளிர்பானம் ஆகியவையும் இதே வரிசையில் வரும். கவுட் என்றதும் பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்வது நம் ஊர் வழக்கம். அதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குத்தான் கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளால் அபாயம் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறையவே செய்தது. சாம்பாரும் மோரும் தாராளமாகத் தொடரலாம்.

தேய்மானம் உள்ளவருக்கு எதைச் சாப்பிடுவது என்பதைவிட எவ்வளவு சாப்பிடுவது என்பதே முக்கியம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இதற்கு இணையான கீரையோ லேகியமோ எனக்குத் தெரிந்து இல்லை.

மஞ்சள் எவ்வளவு?

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. முழங்கால் வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் தந்தது நாளுக்கு 500 முதல் 1,500 மில்லிகிராம். தவிர, குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது அது 20 மடங்கு கூடுதலாக உடலில் சேர்ந்தது. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போடும் பாட்டிமார் கணக்கில் பிசகில்லை.

அதற்காக மஞ்சள் கேப்சூல்களை இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது. செறிவான இவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முடக்கத்தானைப் பொறுத்தவரை, அழற்சியைக் குறைக்கும் தன்மை ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து உறுதி செய்யப்படவில்லை. மாவில் அரைத்துத் தோசையாக வார்த்துச் சாப்பிட யாரும் அஞ்ச வேண்டாம். சிலருக்கு வயிறு இளகும், அவ்வளவுதான்.

வெளிப்பூச்சு

விறைத்த மூட்டுக்கு உப்பு ஒத்தடமும் நொச்சி இலை ஒத்தடமும் இதம் தரும். சிவந்து கொதிக்கும் மூட்டில் சூடு வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் போதும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பு முழங்கால் தேய்மானத்துக்கு உதவுகிறது. முதல் சில நாள் எரியும். தடவிய கையோடு கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

செங்காந்தளும் லேகியப் பொட்டலமும்

கவுட் வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் கோல்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுவது இதைத்தான். விதைகள் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அதே செடியின் கிழங்கைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். இயற்கை என்பதால் கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு செடியைக் காட்டினால் போதும்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடக்க மாதங்களிலேயே ஆரம்பித்தால் மூட்டு கோணிப்போவதைத் தடுக்கலாம். கீரை, கஷாயம் என்று அந்த மாதங்களைக் கழித்துவிட்டு வருபவர்களின் விரல்களை நிமிர்த்துவது கடினம். பெயர், தயாரிப்பு விவரம் எதுவும் இல்லாமல் பொட்டலத்தில் வரும் சூரணம் இரண்டே நாளில் வலியை விரட்டினால் சந்தேகப்படுங்கள்: ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரை ஏறும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.