ஆய்வகச் சுண்டெலிக் களஞ்சியம்: மரபணு நோயுள்ள குழந்தைகளின் குடும்பத்தார் அறிய வேண்டியவை

பீளமேட்டுப் பகுதியிலிருந்து எமது வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் தாய் ஒருவர், கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, தம் மகனுக்குள்ள அதே மரபணுக் குறையுடன் கூடிய சுண்டெலிகளை வளர்த்து வழங்குவதாக அதில் இருந்தது. "ஏனுங்க டாக்டர், எலிக்குச் சரியாயிருச்சுன்னா எம் பையனுக்கும் சரியாயிருமுங்களா?" என்று கேட்டார். நெரிசலான காலை வேளையில் இரண்டு நிமிடத்தில் விடை கூறக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே இங்குச் சற்று விரிவாகவே விளக்கப்படுகிறது.

களஞ்சியம் என்பது யாது?

ஆய்வகச் சுண்டெலி, நம் வீடுகளில் தானியம் தின்னும் சுண்டெலியின் இனத்தைச் சேர்ந்ததே. அதன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு மனித உடலில் இணை உண்டு. ஏறத்தாழ இருபது நாளில் குட்டி ஈனும் என்பதால், ஒரு நோய் தலைமுறைதோறும் எவ்வாறு செல்கிறது என்பதைச் சில மாதங்களிலேயே காண இயலும். குறிப்பிட்ட ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலியை உருவாக்கும் முறையைக் கண்டறிந்ததற்காக மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவான்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகிய மூவருக்கும் 2007ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வாறு உருவாக்கப்பட்ட மரபுவகைகள் இன்று பல்லாயிரம் உள்ளன. ஓர் ஆய்வாளர் ஓய்வு பெற்றாலோ, ஆய்வகத்தில் தொற்று பரவினாலோ ஒரு மரபுவகை அடியோடு அழிந்துவிடக்கூடும். அதைத் தடுக்கவே களஞ்சியங்கள் ஏற்பட்டன. அமெரிக்காவில் அரசு நிதியுதவியுடன் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், வட கரோலினா பல்கலைக்கழகம், மிசௌரி பல்கலைக்கழகம், 1929இல் தொடங்கப்பட்ட ஜாக்சன் ஆய்வகம் ஆகிய நான்கும் ஒரே வலையமைப்பாகச் செயல்படுகின்றன. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதனையொத்த அமைப்புகள் உண்டு.

எல்லா மரபுவகைகளையும் உயிருடன் கூண்டில் வளர்ப்பதில்லை. நம் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் கால்நடை மருத்துவர், உறைவிந்துக் குச்சிகளைப் புகை கிளம்பும் ஒரு கலத்திலிருந்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கலத்தில் இருப்பது −196 டிகிரி செல்சியஸ் குளிரிலுள்ள திரவ நைட்ரஜன். சுண்டெலியின் விந்தணுக்களும் கருக்களும் அதே முறையில்தான் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. ஓர் ஆய்வாளர் கேட்கும்போது கருவை வளர்ப்புத் தாய் எலியின் கருப்பையில் வைத்து, அந்த மரபுவகையை மீண்டும் உயிர்ப்பிக்கின்றனர்.

இத்துடன், அனுப்பப்படும் எலியில் உரிய மரபணு மாற்றம் உள்ளதா எனச் சோதித்தல், தொற்றற்றதாக ஆக்கித் தருதல், புதிதாக உருவாக்கப்பட்ட மரபுவகைகளைப் பெற்றுப் பட்டியலிடுதல், எந்த ஆய்வுக்கு எவ்வகை பொருந்தும் என ஆலோசனை கூறுதல் ஆகியனவும் இவற்றின் பணிகள். இச்சேவைகள் அனைத்தும் ஆய்வு நிறுவனங்களுக்கு உரியவை. நோயாளியோ பெற்றோரோ இவற்றிடமிருந்து எலியையோ மருந்தையோ பெற இயலாது. பெறுவதால் பயனும் இல்லை.

எஸ்.எம்.ஏ. நோயில் சுண்டெலி கற்பித்தது

தண்டுவடத் தசைநார் சிதைவு எனப்படும் எஸ்.எம்.ஏ. நோயில், எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதாகி, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. மனிதரிடம் எஸ்.எம்.என்.2 என்றொரு துணை மரபணுவும் உண்டு. அது தேவையான புரதத்தைச் சிறிதளவே உண்டாக்கும். சுண்டெலிக்கோ இந்த மரபணு ஒன்றே ஒன்றுதான். அதை நீக்கியபோது கரு பிறக்கும் முன்பே அழிந்தது. எனவே ஆய்வாளர்கள் மனிதரின் எஸ்.எம்.என்.2 மரபணுவைச் சுண்டெலிக்குள் புகுத்தினர். அதன் பின்னரே குழந்தைகளிடம் காணப்படுவது போன்ற நோய் சுண்டெலியில் தோன்றியது. 2000ஆம் ஆண்டளவில் உருவான இவ்வகைச் சுண்டெலிகள் களஞ்சியத்தின் வழியே உலகின் பல ஆய்வகங்களுக்கும் சென்றன. ஒவ்வொரு குழுவும் இதைத் தானே தொடக்கத்திலிருந்து உருவாக்க வேண்டியிருந்தால் எத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்கும்!

2010இல் வெளியான ஓர் ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் அறிவது நல்லது. சிகிச்சை பெறாத நிலையில் இரண்டு வாரமளவே உயிர்வாழும் எஸ்.எம்.ஏ. சுண்டெலிக் குட்டிகளுக்கு, தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் நல்ல மரபணு செலுத்தப்பட்டது. பிறந்த மறுநாளே பெற்ற குட்டிகள் 250 நாட்களுக்கு மேலும் வாழ்ந்தன. ஐந்தாம் நாள் பெற்றவற்றுக்கு ஓரளவே பயன் கிட்டியது. பத்தாம் நாள் பெற்றவற்றுக்கு ஏறக்குறைய எப்பயனும் இல்லை. ஒரே மருந்துதான், நாட்கள் மட்டுமே வேறு.

எலியின் நாட்களை அப்படியே குழந்தையின் நாட்களாகக் கணக்கிடக் கூடாது. ஆயினும் பின்னர் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையையே காட்டின: அறிகுறி தோன்றுமுன் அல்லது தோன்றிய சில வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றோரே அதிகப் பயனடைந்தனர். மடிந்த நரம்பணு மீள்வதில்லை. 2016இல் நுசினெர்சன், 2019இல் மரபணு சிகிச்சை, 2020இல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் என அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மூன்றும், மனிதருக்கு வருமுன் இத்தகைய சுண்டெலிகளில் சோதிக்கப்பட்டவையே.

எலியில் பலித்தது எல்லாம் மனிதரிடம் பலிக்குமா?

பலிக்காது. டிஷென் தசைச் சிதைவு நோய்க்கு 1984இல் அறியப்பட்ட எம்.டி.எக்ஸ். சுண்டெலி இன்றும் பயன்படுகிறது. அதற்கும், நோயுற்ற சிறுவனுக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற அதே புரதம்தான் இல்லை. ஆனால் சிறுவன் பெரும்பாலும் பன்னிரண்டு வயதளவில் நடக்கும் திறனை இழக்கிறான். எலியோ பெரும் குறையின்றி ஓடியாடி, ஏறத்தாழ இயல்பான ஆயுளை வாழ்கிறது. அதன் தசை தன்னைத்தானே வெகுவாகப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே அதில் நல்ல பலன் காட்டிய மருந்து சிறுவனிடம் தோற்பது வியப்பன்று.

இவ்விடத்தில் எச்சரிக்கை தேவைப்படுகிறது. "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று கூறி, தசைச் சிதைவு, பெருமூளை வாதம், ஆட்டிசம் ஆகியவற்றுக்கு ஸ்டெம் செல் ஊசி விற்போர் உள்ளனர். தோட்டத்தை அடமானம் வைத்து இதற்குச் செலவிட்ட குடும்பங்களை யான் கண்டிருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, அங்கீகரிக்கப்பட்ட சில இரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை முறையான மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வில் சேர்வதற்காகப் பங்கேற்பாளரிடம் பணம் பெறலாகாது. பணம் கேட்டால், அது ஆய்வு அன்று என்றே கொள்க. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைத் தருமாறு கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

நம் பகுதியில்

பீளமேட்டிலுள்ள பி.எஸ்.ஜி. மருத்துவ அறிவியல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற கல்வி நிலையங்களில் ஆய்வுக்கான விலங்குக் கூடங்கள் உள்ளன. இவை மேற்கூறிய களஞ்சியங்கள் அல்ல. தம் ஆய்வுக்குத் தேவையான விலங்குகளைப் பராமரிக்கும் இடங்கள். தேசிய அளவில், ஐதராபாத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விலங்கு வள மையம் உள்ளது. எங்கு நடப்பினும், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி ஆய்வு தொடங்க முடியாது. எலியை வதைத்துத்தான் தம் பிள்ளைக்கு மருந்தா என மனம் வருந்திக் கேட்கும் முதியோரும் உண்டு. வலி குறைப்பும், இயன்றவரை மாற்று முறைகளைக் கையாள்வதும் இக்குழுக்கள் வலியுறுத்தும் நிபந்தனைகள் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

குடும்பத்தார் உடனே செய்ய வேண்டியவை

மூன்று, நான்கு மாதமாகியும் தலை நிற்காத, கால்கள் தவளை போல் விரிந்து கிடக்கும், அழுகுரல் மெலிந்த, ஆனால் கண்களில் மட்டும் விழிப்பு மிகுந்த குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. இருக்கக்கூடும். "நம் வீட்டில் எல்லாக் குழந்தையும் தாமதமாகத்தான் தலை நிமிர்ந்தது" என்று காத்திருத்தல் கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகவும். நோயுற்றோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரை ஒரு இரத்தப் பரிசோதனையே உறுதி செய்துவிடும்.

மரபணு அறிக்கையின் மூலப்படியைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மரபணுவில், எவ்வகை மாற்றம், எஸ்.எம்.என்.2 எத்தனை படிகள் என்ற வரிகளே பின்னாளில் சிகிச்சையையும் ஆய்வுத் தகுதியையும் தீர்மானிக்கும். "தசை நோய்" என்று மட்டும் எழுதப்பட்ட பழைய வெளியேற்றுச் சீட்டு இதற்குப் போதாது.

தாய், தந்தை இருவரும் இந்நோயின் கடத்திகளாயின் ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில், பெற்றோரின் உடன்பிறந்தோரும் கடத்திப் பரிசோதனை செய்துகொள்வது நலம். அடுத்த குழந்தையை எதிர்நோக்குவோர் கருவுறுமுன்னரே மரபியல் ஆலோசனை பெற வேண்டும். கருவுற்ற பின்னராயின் பதினோராம் வாரத்திற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை நிதியுதவி உண்டு. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையமாகும். பல கோடி விலையுள்ள மரபணு சிகிச்சைக்கு இத்தொகை போதாது என்பது உண்மையே. எனினும் அங்குப் பதிவு செய்தால்தான் உதவிக்கான பரிசீலனையும், புதிய ஆய்வுகள் பற்றிய தகவலும் கிட்டும். முதல் முறை செல்லும்போது மரபணு அறிக்கை, குழந்தையின் பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் ஆதார் அட்டை, இதுவரை பெற்ற சிகிச்சைச் சீட்டுகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லவும்.