குரூப் 4 தேர்வுக்கு உங்கள் கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், குரூப் 4 தேர்வு எழுத வேண்டும் என்றே கம்ப்யூட்டர் வாங்கினார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். டெஸ்க்டாப் முழுக்க பிடிஎஃப் பைல்கள். எண்ணினால் 340! இவற்றில் திறந்து படித்தவை எத்தனை என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

நீங்களும் இப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? டவுன்லோட் செய்வது படிப்பதாகாது. கம்ப்யூட்டரிடம் வேறு ஒரு வேலை வாங்கலாம். அதற்கு முன் தேர்வின் அமைப்பைப் பார்த்துவிடுவோம்.

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் காரணவியலும் 25. தரம் பத்தாம் வகுப்புதான். ஆனால் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று கணக்கையே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025-ல் நடந்த தேர்விலிருந்து பாடத்திட்டமும் மாறியிருக்கிறது. தமிழில் இலக்கணத்துக்கு 25, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு 15 கேள்விகள். பொது அறிவியலுக்கு 5 மட்டுமே. அறிவியல் புத்தகத்தோடு மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

சரி, எதை டவுன்லோட் செய்வது? ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கேள்வித்தாள்களும் விடைகளும் டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இருக்கின்றன. தொடங்குவதற்கு இவை போதும். வகுப்புக்கு ஒரு போல்டர், கேள்வித்தாளுக்கு ஒரு போல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிடிஎஃப் பைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயோடு எஃப் கீயை அழுத்தி, "பெயரெச்சம்" என்று தமிழில் டைப் செய்து தேடுகிறீர்கள். எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. பாடத்திலேயே இல்லை போலிருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். பல தமிழ் பிடிஎஃப் பைல்கள் யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தயாரானவை. சில, பக்கங்களை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்து கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதைச் சோதிப்பது எளிது. ஒரு சொல்லைத் தேர்வு செய்து காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே வந்தால் தேடலாம். புரியாத குறிகளாக வந்தாலோ, தேர்வு செய்யவே முடியாவிட்டாலோ பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்துக்குப் போவதுதான் வழி.

இனி முக்கியமான வேலை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புதிய பைலில் முதல் வரியில் தேதி, பாடம், தலைப்பு, கேள்வி, காரணம் என்று ஐந்து தலைப்புகள் கொடுங்கள். பழைய கேள்வித்தாளில் தினம் 25 கேள்விகள் போட்டு, விடையோடு ஒப்பிட்டு, தவறானவற்றை மட்டும் இதில் ஏற்றுங்கள். சரியாகப் போட்டவை இங்கே வேண்டாம். காரணம் என்ற இடத்தில் எண் போதும்: பாடமே தெரியாது என்றால் 1, தெரியும் ஆனால் குழப்பம் என்றால் 2, அவசரத்தில் தவறு என்றால் 3.

இந்த எண்ணை நேர்மையாகப் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. "அந்தப் பையன்" என்பதில் ப் வருகிறது, "வந்த பையன்" என்பதில் வருவதில்லை. முதலாவது சுட்டு, வல்லினம் மிகும். இரண்டாவது பெயரெச்சம், மிகாது. இரண்டையும் படித்திருந்தும் மாற்றிப் போட்டால் அது 2. நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடும் இப்படித்தான். 60 கிலோ நிறையுள்ளவர் நிலாவுக்குப் போனாலும் நிறை 60 கிலோதான். எடைதான் ஆறில் ஒரு பங்காகும். ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 6 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கு முடியும், ஆக 4 நாள். வழி தெரிந்தும் சராசரி எடுத்து 9 என்று எழுதினால் அது 3. பத்தியில் சொன்னதை விட்டுவிட்டு நமக்குத் தெரிந்ததை விடையாகக் குறிப்பதும் 3-தான்.

இரண்டு வாரம் கழித்து, தலைப்பு வரியில் ஒரு கட்டத்தில் கிளிக் செய்து கண்ட்ரோல், ஷிப்ட், எல் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி வரும். காரணம் என்பதன் அம்புக்குறியைக் கிளிக் செய்து 1-ஐ மட்டும் டிக் செய்தால், புத்தகத்தில் எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் தயார். 2-க்குப் புத்தகம் முழுவதும் வேண்டாம். குழப்பும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 3-க்குப் படிப்பு உதவாது, கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். ஒரு கேள்விக்கு சராசரியாக 54 வினாடிதான் கிடைக்கும்.

அந்தப் பெண்ணும் இப்படி ஒரு பைல் போட்டார். கணக்குதான் வராது என்று பயந்துகொண்டிருந்தவர். பில்டர் செய்து பார்த்தால் கணக்கில் ஒன்பது தவறு, தமிழ் இலக்கணத்தில் முப்பத்தொன்று! அதுவும் பெரும்பாலும் 2. அதன் பிறகு காலை நேரத்தை இலக்கணத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இன்னொன்று. தேர்வு தாளில்தான் நடக்கிறது, வட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஆகவே வாரம் ஒரு நாளாவது ஒரு கேள்வித்தாளைப் பிரிண்ட் எடுத்து, கம்ப்யூட்டரை ஆப் செய்துவிட்டு, காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30-க்கு எழுந்திருங்கள். தவறுகளை மாலையில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றியதும் அந்த பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். பாடப்புத்தகம் போனால் மறுபடியும் டவுன்லோட் செய்யலாம், இந்த பைல் வேறு எங்கும் கிடைக்காது.